ஒழுங்கை திறந்தவன்

மணலின் வரிகள் பிழையான பக்கம் பார்த்துக் கிடந்தன.

சிமியோன் உழவு ரக்ரரின் எஞ்சினை அணைக்காமலே கீழே இறங்கி நின்று பார்த்தான். சோளகம் எழும்பி மூன்று கிழமை ஆகிறது. தெருவிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று அது. அது கொண்டுவந்து கொட்டிய மணலும் கடற்பக்கம்தான் சரிந்து கிடக்கவேண்டும். மணற்காட்டுக்கு அப்பால் பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் அக்காவின் வீட்டுக்குப் போகிற முந்நூறு யார் நீளமான ஒழுங்கையை மூடியிருந்த மணலின் வரிகள் எல்லாம் தெருவைப் பார்த்து வந்தன. வீட்டுக்குள்ளிருந்து யாரோ விடாமல் ஊதிவிட்ட மாதிரி.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வெயில் ஏறுது" என்றாள் அக்கா அற்புதராணி.

சிமியோனுக்குத் தாயின் முகம் தெரியாது. இரண்டு வயதிலிருந்து அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அற்புதராணிதான். அவள் கனிசியஸைக் கல்யாணம் முடித்தபோது, தம்பியையும் சீதனத்தோடு சேர்த்துக் கொண்டுபோகிறாள் என்று ஊர் சிரித்தது. அத்தான் முகம் சுளிக்கவில்லை. தன் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு குழைத்து உருட்டி, முதல் உருண்டையைச் சின்ன மச்சான் சிமியோனின் கையில்தான் வைப்பார். அக்கா சொன்னால் சிமியோனுக்கு மறுபேச்சுக் கிடையாது. அந்த அக்கா முந்தாநாள் கோப்பாய்க்கு வந்து, அவன் வீட்டு வாசலில் நின்றபடியே அழுதாள்.

"அத்தானுக்குக் காலிரண்டும் ஏலாதடா. படுத்த படுக்கை. ஒழுங்கையை மண் மூடிப்போட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டிலும் உள்ளுக்கை போகாது. நீதான் வந்து திறக்கவேணும்."

"நாலு பேர் கதிரையிலை வைச்சுத் தூக்கேலாதோ அக்கா?"

"ஆர் வாறான்? எனக்கு உன்னை விட்டால் ஆர் இருக்கினம்?"

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அவள் தேத்தண்ணியைத் தொடவில்லை. நித்திரை கொண்டு மூன்று கிழமை என்று சிமியோனின் மனைவி ஸ்ரெல்லாவிடம் சொன்னாள். பஸ்சுக்குப் போகும்போது திரும்பி நின்று, "நாளையிண்டைக்குப் பின்னேரம் சோறு கறி ஆக்கி வையடி. அவர் இஞ்சைதானே சாப்பிட வரவேணும்" என்றாள். அவர்களின் ஆறு வயது மகள் யசிந்தா, மாமா வருகிறார் என்று பாயைத் தட்டிப் போட அப்போதே தொடங்கிவிட்டாள்.

அக்காவும் அவனும் பிறந்த அந்தக் கடற்கரைக் குடியிருப்பில் அது ஒரு முறை. மணல் மூடிய ஒழுங்கையைத் திறக்க வந்தவன் தெருவில் நின்று, திறக்கட்டோ என்று கூப்பிடவேண்டும். உள்ளே இருப்பவர் திற என்று பதில் சொன்ன பிறகுதான் மண்வெட்டி மணலில் படலாம். பதில் வராத வீட்டை மணலுக்கே விட்டுவிடுவார்கள். திறந்து முடிந்ததும் உள்ளே இருந்தவர்களுக்கு அன்றைய முதற் சாப்பாடு திறந்தவனின் வீட்டில். இதில் எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை.

ரக்ரர் கோப்பாய் மார்க்கண்டருடையது. சிமியோன் அதன் சாரதி. தோட்டக்காரரான மார்க்கண்டர் லேசில் இரக்கப்படுகிற ஆள் அல்ல, ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டிய வருத்தக்காரர் என்றதும் ஒரு நாளைக்குத் தந்தார். யுத்தத் தடையில் டீசல் மருந்துக்கும் கிடைக்காத தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. மண்ணெண்ணெயோடு கொஞ்சம் ஒயிலைக் கலந்து ஊற்றினால் எஞ்சின் இருமி இருமி ஓடும். மணல் இழுக்கத் தகடு வேண்டும். மின்சாரம் போய் மூன்று வருசமான ஊரில் வெல்டிங்குக்கு எங்கே போவது? சிமியோன் ஒரு பனங்குத்தியை நீளவாட்டில் பிளந்தான். குண்டுக்கு ஒளிகிற பங்கருக்கென்று யாரோ கழற்றிவந்த தண்டவாளத் துண்டொன்று வேலியோரம் கிடந்தது. அதில் ஏற்கெனவே இருந்த துளைகளுக்குள் போல்ற்றைக் கொடுத்துக் குத்தியின் அடி விளிம்பில் இறுக்கினான். கலப்பையைக் கழற்றிவிட்டு, அதைத் தூக்குகிற இரண்டு இரும்புக் கைகளிலும் குத்தியை மாட்டினான். பாரத்துக்கு இரண்டு உரப்பை மணல். பின் ரயர்களில் காற்றைக் குறைத்தான். மணலில் அப்போதுதான் பிடிக்கும். முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தான். வடிவென்று சொல்ல ஏலாது, ஆனால் வேலை செய்யும்.

தகடு பின்னால் இருப்பதால் ஒரு கரைச்சல் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே வீட்டை நோக்கிப் போய், இறக்கி, முன்னோக்கி ஓட்டி மணலைத் தெருவுக்கு இழுத்துவர வேண்டும். இழுக்கிற நேரமெல்லாம் வீடு அவன் முதுகுக்குப் பின்னால்.

முறைப்படி ஒழுங்கை வாயிலில் நின்று கூப்பிட்டான்.

"அத்தான்! ஒழுங்கை திறக்கட்டோ?"

காற்று மட்டும் இரைந்தது. தூரத்தில் வீட்டின் ஓட்டுக் கூரையும் யன்னலின் மேற்பாதியும் தெரிந்தன. அவன் இரண்டாம் முறை கூப்பிட வாயெடுக்கும்போது பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"திற" என்றாள் அக்கா.

"அத்தானெல்லோ சொல்லவேணும்?"

"அவருக்கு இவ்வளவு தூரம் சத்தம் வராதடா. என்ரை வீடு, நான் சொல்லுறன். திற மோனை."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாலைக்குள் ரக்ரர் கோப்பாயில் நிற்கவேண்டும். அவள் சொல்வதும் நியாயம்தானே என்று நினைத்தான் சிமியோன். ஏறி இருந்து கியரைப் போட்டான்.

முதல் ஐம்பது யார் தூரம் சுகமாக வந்தது. தண்டவாள விளிம்பு மணலுக்குள் இறங்கிச் சீவ, வேலிக்கு நட்ட கதியால் தடிகளின் தலைகள் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நூறு யாரில் மணலின் நிறம் மாறியது. மூன்று கிழமை வெயிலில் வறண்ட மணல் ஈரமாக இருந்தது, கையில் எடுத்தால் உடம்புச் சூடு. அதிலிருந்து வேப்பெண்ணெயும் மூத்திரமும் நனைந்த துணியும் கலந்த, நெடுநாள் திறக்காத வருத்தக்காரர் அறையின் வாசம் எழும்பியது. மண்ணெண்ணெய்ப் புகையையும் மீறி அது அவன் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

நூற்றைம்பதில் ரக்ரர் பாரம் இழுத்தது. திரும்பிப் பார்த்தால் தகட்டுக்கு முன்னால் கைப்பிடி மணல்தான். ஆனாலும் முன் சில்லுகள் நிலத்தைவிட்டு எழும்பப் பார்த்தன. வயல் மட்டம் அடிக்கும்போது பாரத்துக்கு ஓர் ஆளைப் பலகையில் ஏற்றிவிடுவார்கள். அப்போது இருக்கை இப்படித்தான் பின்னால் அமரும். சிமியோனுக்கு அந்தப் பாரம் நன்றாகப் பழக்கம். மீண்டும் திரும்பிப் பார்த்தான். குத்தியில் யாரும் இல்லை.

தெருவில் மணலைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தபோது அக்காவைக் காணவில்லை. அவள் நின்ற இடத்தில் தலையில் விறகுக்கட்டோடு மக்டலீன் நின்றாள். அக்காவின் அடுத்த வளவுக்காரி, அறுபது வயது விதவை. ஒழுங்கையைப் பார்த்ததும் விறகைக் கீழே போட்டுச் சிலுவை அடையாளம் போட்டாள்.

"ஆரடா தம்பி உனக்குத் திற எண்டு சொன்னது?"

"அக்கா."

"எங்கை நிண்டு?"

"இஞ்சைதான். எனக்குப் பக்கத்திலை."

மக்டலீன் நெஞ்சில் கையை வைத்தாள். "பொம்பர் வந்து குண்டு போட்ட கிழமை நாங்களெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போனம். திரும்பி வந்தால் ஒழுங்கை மூடிக்கிடக்குது, கொக்கா அற்புதராணி மட்டும் கோயிலடியிலை இருக்கிறா. கொத்தான் கனிசியஸ் எங்கையெண்டு கேட்டம். வள்ளத்திலை அக்கரைக்குப் போட்டாரெண்டவ."

"கால் ஏலாத மனிசன் வள்ளத்திலையோ? அவர் உள்ளுக்கை படுத்திருக்கிறார் மாமி!"

"படுத்திருந்தவர்தான்."

அப்போது காற்று ஒரு கணம் நின்றது. வீட்டுப் பக்கமிருந்து அந்தக் குரல் தெளிவாக வந்தது. காய்ந்த குரல். அத்தானின் குரல்.

"திற."

"உயிரோடை இருக்கிறார்!" என்று கத்தினான் சிமியோன். "கேட்டனீங்களே? உயிரோடை இருக்கிறார்! ஒருத்தரும் போய்ப் பாக்கேல்லையோ?"

"எங்கடை ஆம்பிளையள் மண்வெட்டியோடை போனவை. கிட்டப் போய்க் கேட்டிட்டுத் திரும்பி வந்திட்டினம்." அவள் குரல் தணிந்தது. "பதினெட்டு நாளாக் கேக்குது தம்பி. மூச்செடுக்க ஒருக்காலும் நிக்கேல்லை."

திற. திற. திற.

அவன் ரக்ரரில் பாய்ந்து ஏறினான். ஆத்திரத்தில் கியரை இழுத்துப் போட்டான். நடக்கமுடியாத மனிசனை விட்டுவிட்டு அக்கா ஓடியிருக்கிறாள். போகட்டும், குண்டுக்குப் பயந்து ஓடாதவர் யார்? ஆனால் தம்பிக்கு அதை மறைத்தாள். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், கூசாமல் அவன் முகத்தைப் பார்த்து நடித்தாள். அத்தானைத் தூக்கி மடியில் வைத்தாவது கோப்பாய்க்குக் கொண்டுபோய், தன் பாயில் இருத்தி, தன் கையால் ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் அவளோடு கதைப்பது என்று முடிவெடுத்தான்.

மிச்ச நூற்றைம்பது யார் தூரத்தையும் வெறி பிடித்தவன் போல இழுத்தான். கடைசித் தடவை பின்பக்கமாகப் போய் வீட்டு வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.

குரல் நின்றிருந்தது.

கதவில் பூட்டு. வெளியிலிருந்து கொளுவி, பெரிய பித்தளைப் பூட்டுப் போட்டிருந்தது. பயந்து ஓடுகிறவள் கதவைப் பூட்டி, பூட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டா ஓடுவாள்? கதவின் பலகை நடுவில் வெளிப்பக்கமாக உப்பியிருந்தது.

அவன் யன்னலுக்குப் போனான். உள்ளே, கட்டில் மட்டத்துக்கு மணல். கட்டில் இருந்த இடத்தில் ஒரு மனிதன் மல்லாந்து கிடந்த பள்ளம். தலை. தோள். ஒட்டிய இரண்டு கால்கள். பள்ளம் வெறுமையாக இருந்தது.

"அத்தான்?"

பின்னால், வெகு கிட்ட, மணல் நெரியும் சத்தம். திரும்பினான். யாரும் இல்லை.

ரக்ரருக்கு வந்தபோதுதான் கண்டான். பூட்டிய கதவின் வெளிப்பக்கத்தில் தொடங்கிய வெறுங்கால் அடிகள். யன்னலடியில், அவன் நின்ற இடத்துக்குப் பின்னால், அவை சற்று நேரம் நின்றிருக்கின்றன. பிறகு ரக்ரரைக் கடந்து, இப்போதுதான் பதிந்த ரயர் தடங்களின் மேலாக, சீவித் துப்புரவாக்கிய ஒழுங்கை வழியே தெருவை நோக்கிப் போயிருந்தன.

நேராக. அவசரமில்லாமல்.

அன்றைய முதற் சாப்பாடு. திறந்தவனின் வீட்டில்.

தன்னை ஏன் கூப்பிட்டாள் என்பது அப்போது அவனுக்குள் இறங்கியது. மூன்று கிழமையாய் அவளை நித்திரை கொள்ள விடாத குரல் அது; அவள் திறந்திருந்தால் அது அவளோடு போயிருக்கும்.

தகட்டைக் கழற்றவும் நிற்காமல் ரக்ரரைக் கோப்பாய்க்கு ஓட்டினான். வழியில் வல்லை வெட்டவெளியில் எதிர்க்காற்று. எஞ்சின் இருமியது. எவ்வளவு மிதித்தாலும் ரக்ரர் ரக்ரர்தான். தார் உடைந்து மணல் கிடந்த இடங்களிலெல்லாம் அடிகள். எப்போதும் அவனுக்கு முன்னால். செபம் சொல்லப் பார்த்தான், பாதியில் மறந்துபோனது. யசிந்தாவின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தான்.

கோப்பாயில் பொழுது பட்டுவிட்டது. ஸ்ரெல்லா கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏனப்பா இவ்வளவு பிந்தினியள்? அத்தான் வந்து ஒரு மணித்தியாலமாச்சு. கால் நல்லாத்தானே இருக்குது, நடந்தெல்லோ வந்தவர்! வாய் திறந்து ஒரு சொல்லும் கதைக்கேல்லை, பாவம், சரியான பசி. ஆக்கினது முழுக்க முடிஞ்சுது."

"பிள்ளை எங்கை?"

"அவரோடைதான். குழையல் உருட்டிக் குடுக்கிறார்."

"சோறு முடிஞ்சுதெண்டாய்."

ஸ்ரெல்லாவின் கை சட்டியில் நின்றது.

அவன் ஓடினான். கதவு திறந்திருந்தது. உள்ளே ஜாம் போத்தல் விளக்கின் சின்னச் சுடர். பாயில் யசிந்தா சம்மாணம் கட்டி, அவனுக்கு முதுகு காட்டி இருந்தாள். வெளிச்சம் எட்டாத சுவரோரம் ஒருவர் குந்தியிருந்தார். வேப்பெண்ணெய் வாசம். இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. பிள்ளையின் ஏந்திய உள்ளங்கையில் வெள்ளையாக ஓர் உருண்டையை வைத்தது. அவள் அதை வாயில் போட்டாள். நறநறவென்று மென்றாள்.

"யசிந்தா!"

பிள்ளை திரும்பினாள். கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. கண்கள் இமைக்கவில்லை. அப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மணல் வந்தது. உதட்டால் வழிந்து, சட்டையால் வழிந்து, பாயில் சரசரவென்று கொட்டியது. நிற்கவில்லை. அவளுடைய கை மட்டும் இருட்டுப் பக்கம், அடுத்த உருண்டைக்கு, நீண்டுகொண்டே இருந்தது.