எதிர் வீட்டுக்குப் போகிற வழி

“அம்மா, திருடங்க மட்டுந்தான் அடுத்தவங்க வீட்டுக்குப் போவாங்களா?”

ஷைனி ஐந்து வயதில் கேட்டது. அப்போது எஸ்தர் சிரித்துவிட்டாள். மகள் கடல் கடந்து போய்விட்டாள். கேள்வி மட்டும் எஸ்தரோடு அதே வீட்டில் தங்கிவிட்டது.

பாளையங்கோட்டையின் அந்தத் தெருவில் பல வருடங்களாகத் திருட்டே இல்லை. குடியிருப்போர் எல்லோரும் கூடி அமைத்த காவல் அது. வாசலுக்கு ஒரு கேமரா விழி. எல்லா விழிகளுக்கும் சேர்த்து ஒரே மூளை. ‘தெருவிழி’ என்று பெயர். தெருவின் வழக்கத்தை அது தானே கற்றுக்கொள்ளும். வழக்கத்துக்கு மாறாக யாராவது அடுத்த வீட்டுப் படியேறினால் வீட்டுக்கு வீடு மணி அடிக்கும். கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். படியேறியவர் வாசலில் செங்குறி விழும். அந்த வாசலில் காய்கறி வண்டிகூட நிற்காது. மணிக்குப் பயந்து ஜனங்கள் போக்குவரத்தைக் குறைத்தார்கள். குறையக் குறைய, யார் போனாலும் மணி அடித்தது.

எஸ்தரின் கணவர் இறந்த வாரத்தில், எதிர் வீட்டில் தனியாக இருக்கும் ஆவுடையப்பன் மணி அடிக்க அடிக்கத் தெருவைக் கடந்து வந்தார். பூட்டிக்கொண்ட அவள் கதவுக்கு வெளியே பிளாஸ்க் நிறையக் கஞ்சி வைத்துவிட்டுப் போனார். அவர் வாசலில் செங்குறி விழுந்தது. பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க எஸ்தருக்குத் துணிவு வரவேயில்லை.

இப்போது இரண்டு நாளாக அவர் வீட்டு அடுக்களை ஜன்னல் திறக்கவில்லை.

“எதிர் வீடு எப்படி இருக்கு?” என்று தெருவிழியைக் கேட்டாள்.

“இயல்பு. அந்நியர் எவரும் நுழையவில்லை.”

சங்கச் செயலாளர் கோமதிநாயகத்தைச் சுவர்த்திரையில் அழைத்தாள். அவர் தலை துவட்டிக்கொண்டே வந்தார்.

“விழி சரிங்குதுல்லா, பொறவென்னக்கா? ஆம்புலன்ஸும் விழி சொன்னாத்தான் வரும்.”

“மனசு கேக்கல தம்பி. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்திருதேன்.”

“நல்லா போனீங்க! உள்ரூம் கதவுகூடப் பூட்டிக்கிட்டா நான் மத்தியானம் வரைக்கும் ஈரத்துண்டோட நிக்கணும். உங்க வாசல்ல குறி விழுந்தா அரிசி பருப்புக்கு எங்க போவீங்க?”

எஸ்தர் ஜெபம் செய்தாள். கஞ்சி காய்ச்சி அவருடைய பிளாஸ்க்கிலேயே ஊற்றினாள். தெருவைக் கடந்து எதிர் வீட்டுப் படியில் கால் வைத்தபோது, மணியை எதிர்பார்த்துக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

மணி அடிக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாசல் விழியில் ஒளி இல்லை. திரும்பினாள், தன் வாசலிலும் இல்லை. எதுவுமே மாறாத வீடுகளைப் பார்ப்பதைத் தெருவிழி என்றோ நிறுத்திவிட்டிருந்தது. இயல்பு என்று அது பார்த்துச் சொல்லவில்லை, பழக்கத்தில் சொல்லியிருக்கிறது. தெரு நெடுகப் பார்த்தாள். ஒளிர்ந்த விழிகள் மிகச் சில.

கதவைத் தள்ளினாள். விழி பூட்டும் என்று நம்பி, எல்லோரும் தாழ்ப்பாளைக் கழற்றிப் பல காலமாகிறது.

ஆவுடையப்பன் காய்ச்சலில் கட்டிலோடு கிடந்தார். உதடுகள் காய்ந்திருந்தன.

“மணி அடிக்கலியே... யாரு, திருடனா?”

“ஆமா அண்ணாச்சி. உங்க பிளாஸ்க்கத் திருடுனவதான்.”

அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு மடக்காகக் கஞ்சி புகட்டினாள். வாசலில் விழி இருண்டே இருந்தது.