ஊசிப்பாறை அருவியின் இரண்டு தவளைகள்

கயிற்றின் ஒரு நுனியை மரத்தில் கட்டி, மறு நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு முதல் ஆளாக ஆற்றில் இறங்கியவள் ஜெபமலர்தான். கூட வந்த வனக்காவலர் மாசானம் தடுத்துப் பார்த்தார். தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் திரும்பிவிட வேண்டும், வனத்துறையின் அனுமதி இன்றோடு முடிந்தாலும் உயிர் அதைவிடப் பெரிது என்று எச்சரித்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. உலகம்மைக்கு முன்னால் அக்கரையை அடைய வேண்டும் அவளுக்கு. அவ்வளவுதான்!

உலகம்மையும் அவளும் ஒரே பேராசிரியரிடம் தவளைகளை ஆராய்கிறவர்கள். விடுதியில் ஒரே அறை, ஒரே தட்டில் சோறு. அறை இன்னும் அதேதான்; ஒரே தட்டு மட்டும் போன மழைக்காலத்தோடு நின்றுபோனது. அப்போது இதே ஊசிப்பாறை அருவியில் ஜெபமலர் காய்ச்சலோடு கூடாரத்தில் சுருண்டு கிடக்க, உலகம்மை தனியாகப் போய் ஒரு குட்டிப் பச்சைத் தவளையைப் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். தெரிந்த எந்த இனத்தோடும் அது பொருந்தவில்லை.

ஒரு புது இனத்தை முதன்முதலில் விவரித்து எழுதுகிறவரின் பெயர் அதன் அறிவியல் பெயருக்குப் பின்னால் காலாகாலத்துக்கும் நிற்கும். அதற்குப் படம் போதாது. ஒரு தவளையைப் பிடித்து அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்தி, இந்தப் பெயர் இதற்குத்தான் என்று காட்ட வேண்டும். அந்தத் தவளையைத் தேடித்தான் இந்தப் பயணம். துறையில் எல்லோரும் ‘உலகம்மையின் தவளை’ என்று சொல்லும்போதெல்லாம் ஜெபமலருக்கு வயிறு பற்றி எரிந்தது. பாழாய்ப்போன காய்ச்சல் அன்றைக்கா வர வேண்டும்?

அக்கரையில் அட்டைகளை உதறிக்கொண்டே வழுக்குப் பாறையில் ஏறினார்கள். அருவியடிப் புதரில் கைவிட்ட உலகம்மை கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றாள். அவள் உள்ளங்கைக் குழிக்குள் அதே பச்சைத் தவளை! மாசானம் முதுகில் தட்டிப் பாராட்டினார். ஜெபமலர் உதட்டால் மட்டும் சிரித்தாள்.

அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. மாசானம் வேண்டாம் என்பதற்குள் நீர்த்திரையைக் கிழித்துக்கொண்டு அருவிக்குப் பின்னாலிருந்த குகைக்குள் பாய்ந்துவிட்டாள். டார்ச் வெளிச்சத்தில் சுவரில் ஒட்டியிருந்தது வேறொரு தவளை. பழுப்பு நிறம், சொரசொரத்த தோல், பச்சையைப் போல இரண்டு மடங்கு பெரிது. இதுவும் எதிலும் சேராதது. அதை மெல்லப் பிடித்துப் பைக்குள் போட்டாள். இது தன்னுடையது, தன்னுடையது மட்டும்!

வெளியே வந்து காட்டியதும் உலகம்மை அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். அதுதான் ஜெபமலருக்குப் பொறுக்கவில்லை. தான் எரிந்ததில் பாதியாவது இவள் எரிந்திருக்கக் கூடாதா?

இன்னொன்றும் பிடித்தால் கட்டுரைக்குப் பலம் என்று மறுபடி உள்ளே போனாள். சுவரில் ஒரு பழுப்புத் தவளை இருந்தது. அதன் முதுகை இறுக்கிப் பிடித்தபடி ஒரு குட்டிப் பச்சைத் தவளை. கீழே, ஈரப் பாறையில், அப்போதுதான் இட்ட முட்டைகள்.

பழுப்பு பெண், பச்சை ஆண். இரண்டும் ஒரே இனம்! ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக எண்ணிப் பெயர் வைப்பது இந்தத் துறையில் எத்தனையோ பேர் செய்த தவறு. பழக்கத்தில் அவள் கை கேமராவை எடுத்துப் படம் பிடித்துவிட்டது. அழித்துவிடலாம். யாரும் பார்க்கவில்லை. என்றாவது ஒருவன் கண்டுபிடித்து அவள் வைத்த பெயரை நீக்கும் வரை அது அவளுடைய இனம்தான்.

வெளியே மாசானத்தின் விசில் விடாமல் ஒலித்தது. ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி வந்தது. திரும்பிக் கடக்கும்போது நடு ஆற்றில் ஜெபமலரின் கால் வழுக்கியது. தண்ணீர் தலைக்கு மேல் போனது. முன்னதாகவே கடந்து கரையில் கயிறு பிடித்திருந்த உலகம்மை, மாசானம் ஓடி வந்து கைகொடுக்கும் வரை பிடியை விடவில்லை. இழுத்துப் போட்டபோது உலகம்மையின் உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

அந்தக் கையில் மருந்து போட்டுக் கட்டிவிட்டு, ஜெபமலர் கேமராவை நீட்டினாள்.

“ஏட்டி, என்னுது புது இனம் இல்ல. உன் தவளைக்குப் பொண்டாட்டி. சொல்லாம மறச்சிரலாம்னு நெனச்சேன். ஒரு வருசமா உன்னப் பாத்து வயிறெரிஞ்சிக்கிட்டுதான் இருக்கேன்.”

“தெரியும்,” என்றாள் உலகம்மை. “ஒரே ரூம்லதான இருக்கோம்.”

படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஜோடியைக் கண்டவள் ஜெபமலர் என்பதால் கட்டுரையைச் சேர்ந்துதான் எழுத வேண்டும் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

“அதுல ஒரு சிக்கல் இருக்குட்டி. தவளைக்கு உன் பேரத்தான் வைக்கணும்னு இருந்தேன்.”

விவரித்தவரின் பெயர் பின்னால் நிற்கலாம்; ஆனால் இனத்தின் பெயராகவே தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வது இந்தத் துறையில் மரியாதை இல்லை. சேர்ந்து எழுதினால் தவளைக்கு ஜெபமலரின் பெயர் கிடையாது. தன் பெயரைச் சுமக்கவிருந்த தவளையைப் பார்த்தா வருடம் முழுவதும் வெந்தோம் என்று ஜெபமலருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அருவியின் பெயரையே வைப்போம், சேர்ந்தே எழுதுவோம் என்று அழுகையினூடே சொன்னாள்.

இரண்டு தவளைகளோடும் வெற்றியோடு ஊர் திரும்பினார்கள். பேராசிரியர் துறை முழுவதற்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். கட்டுரை அச்சாகி வந்த அன்று, உலகம்மையின் பெயர் முதலிலும் தன் பெயர் இரண்டாவதும் இருப்பதைக் கண்டதும் ஜெபமலருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பொறாமை அத்தனை லேசில் போய்விடுமா என்ன? ஆனால் இந்த முறை அதை உள்ளே வைத்துப் புழுங்கவில்லை. நேராக உலகம்மையிடம் போய்ச் சொன்னாள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.