சிஃபா போட்ட டிக்

பொன்னேரியில் சிஃபாவின் வீட்டு முன்னறையில் ஒரு இயந்திரம் இருந்தது. பழைய இசைத்தட்டுகளைக் கழுவும் இயந்திரம். தட்டைச் சுழலவிட்டு, மருந்துத் தண்ணீர் தெளித்து, பிரஷால் தேய்க்க வேண்டும். பிறகு ஒரு குழாய் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அது பின்னால் இருக்கும் டப்பாவில் சேரும்.

தட்டு கழுவுவது உம்மா ஜாஹிதாவின் தொழில். தினமும் டப்பாவைக் காலி செய்து, குழாயின் வாயில் இருக்கும் வெல்வெட் பட்டையைச் சுத்தம் செய்வது சிஃபாவின் வேலை. ஆறாம் வகுப்பு போனதும் அவளே கேட்டு வாங்கிய வேலை. செய்து முடித்ததும் சுவரில் உள்ள தாளில் டிக் போட வேண்டும்.

முதல் மாதம் ஒழுங்காகச் செய்தாள். பிறகு டப்பாவின் நாற்றம் பிடிக்கவில்லை. ஒருநாள் டிக் மட்டும் போட்டாள். மறுநாளும் அப்படியே. டிக் போடுவது ரொம்ப சுலபமாக இருந்தது.

சில நாட்களில் தட்டுகள் ஈரமாகவே வந்தன. உம்மா துணியால் துடைத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை நந்தினி வந்தார். செவ்வாப்பேட்டையில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித்தருபவர். இசைத்தட்டுப் பையோடு இரண்டு ரயில் மாறி வந்திருந்தார்.

"அக்கா, நீங்க கழுவிக் குடுத்த அஞ்சு ரெக்கார்டும் கரகரன்னுது. நாளைக்கு பசங்களுக்கு ப்ரோக்ராம்."

"மன்னிச்சுக்கம்மா" என்றார் உம்மா. "ஈரம் காஞ்சு அழுக்கு ஒட்டிக்கினு கீது. தொடச்சா போதும்னு நெனச்சேன். தப்பு என்னுதுதான்."

சிஃபாவின் காது சூடானது. சுவரில் இருந்த தாளைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த தெரு ஜெயராஜை உம்மா அழைத்தார். அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் மோட்டார் பழுது பார்ப்பவர். இயந்திரத்தை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

"சத்தம் வேற மாதிரி கீது. உறியவே இல்ல. டப்பாவ காலி பண்றீங்களா?"

"அதெல்லாம் என் பொண்ணு பாத்துக்கினு கீறா. ஒருநாளுகூட வுட்டதில்ல. பாருங்க" என்று உம்மா பெருமையாகத் தாளைக் காட்டினார்.

"அப்போ மோட்டார்தான் போயிருக்கும். புதுசு வர பத்து நாளாவும்."

நந்தினியின் முகம் வாடியது. "பசங்க மூணு மாசமா ஆடிப் பழகினாங்க" என்றார் மெல்ல.

ஜெயராஜ் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். உம்மா இன்னும் சிஃபாவைப் பெருமையாகவே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத்தான் சிஃபாவால் தாங்க முடியவில்லை.

"மாமா, கழட்டாதீங்க. டப்பாவ நான் காலி பண்ணல."

"இன்னிக்கா?" என்று கேட்டார் உம்மா.

"பதினோரு நாளா. டிக் மட்டும் போட்டேன்."

ஜெயராஜ் டப்பாவை வெளியே இழுத்தார். விளிம்புவரை கறுப்புத் தண்ணீர். மேலே ஒரு சின்ன மிதவை.

"டப்பா ரொம்பினா இது மேல வந்து உறியுற வழிய அடைச்சிடும்" என்றார் அவர். "தண்ணி மோட்டாருக்குள்ள போவாது. மோட்டாருக்கு ஒண்ணும் ஆவல பாப்பா."

உம்மா திட்டுவார் என்று சிஃபா காத்திருந்தாள். உம்மா திட்டவில்லை.

"நாத்தம் புடிக்கலன்னு சொல்லியிருந்தா நானே ஊத்தியிருப்பேனே" என்று மட்டும் சொன்னார்.

திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. சிஃபா குனிந்த தலையோடு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாள். மூக்கைப் பிடிக்க ஒரு கைகூட மிச்சமில்லை. மூன்று தடவை கழுவினாள். வெல்வெட் பட்டையில் சிக்கியிருந்த முடியையும் மணலையும் பிரஷால் எடுத்தாள்.

திரும்பி வந்து நந்தினியின் முன்னால் நின்றாள்.

"உம்மா மேல தப்பில்ல அக்கா. நான்தான். அஞ்சையும் இப்பவே நானே கழுவித் தரேன்."

நந்தினி கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணி ட்ரெயினுக்குள்ள முடிப்பியா?"

"முடிச்சிடுவேன்."

குழாய் சர்ரென்று உறிஞ்சியது. இரண்டே சுற்றில் தட்டு காய்ந்துவிட்டது. ஜெயராஜ் அதை மூலையில் இருந்த ரெக்கார்டு பிளேயரில் வைத்தார். கரகரப்பு இல்லை. வீணையும் மிருதங்கமும் அறை முழுக்க நிறைந்தன. நந்தினியின் வலது கால் தன்னை அறியாமல் தரையில் தாளம் போட்டது.

அப்போதுதான் சிஃபா தலையை நிமிர்த்தி உம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

உம்மா அடுத்த தட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.