வடக்குச் சுவரின் வளைவு

ராஜபாளையத்தில் ஒரு மாடி அறைதான் வெங்கடேஸ்வரியின் அலுவலகம். மழை இருட்டிக்கொண்டு வந்த மத்தியானத்தில் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எழும்பும் ஜவுளிக்கடையின் பேஸ்மென்ட் சுவர்கள் மண்ணின் நெருக்குதலைத் தாங்குமா, மேலே பீம்களில் எவ்வளவு பாரம் ஏறும் என்று கணக்குப் பார்க்கிறவள் அவள்தான். அங்கே வேலையை நடத்துகிறவன் அவள் கணவன் ஹரிகிருஷ்ணன். ஆட்கள் சாப்பிடப் போனாலும் பள்ளத்தை விட்டு ஏறாத ஆள்.

திரையில், அந்த பேஸ்மென்ட்டின் கணக்குப் படத்தில், மூன்று சுவர்கள் நேராக நின்றன. வடக்குச் சுவர் மட்டும் வயிறு தள்ளியதுபோல் உள்பக்கம் வளைந்திருந்தது.

பாரத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். அந்தப் பக்கத்து மண்ணின் அழுத்தத்தை அடியோடு நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓடவிட்டாள்.

சுவர் இன்னும் அதிகமாக வளைந்தது.

போனை எடுத்தாள். "ஏங்க, வடக்குச் சுவத்துக்குப் பின்னால என்ன இருக்கு?"

"பழைய கிணறுதான். நேத்து மண்ணைக் கொட்டி மூடியாச்சு."

"மூச்சுவிடக் குழாய் வச்சீங்களா?"

கிணற்றை மூடினால் அது மூச்சுவிட ஒரு குழாயை மேலே நீட்டி வைப்பது வழக்கம். அவன் சிரித்தான். "கொத்தனாரு பேச்சிமுத்துவும் இதையேதான் சொன்னாரு. செத்த கிணத்துக்கு எதுக்கு மூச்சுங்கேன்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் வளைவு நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு தூணைத் தாண்டி அடுத்த தூணுக்கு.

"இப்ப நடக்கீங்களா?"

"ஆமா, சுவத்தோரமா. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நில்லுங்க."

வளைவும் நின்றது.

"மேல வந்துருங்க," என்று கிசுகிசுத்தாள். தான் ஏன் கிசுகிசுக்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை.

"ஏட்டி, சுவத்துக்குப் பின்னால இருந்து யாரோ தட்டுதாங்க. செத்த நேரம் இரு, பாத்துட்டு வாரேன்."

"வேண்டாம்! ஓடியாங்க!"

ஏதோ வெடித்த சத்தம். போன் அணைந்துபோனது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பதிலே இல்லை. ஆட்டோவுக்குச் சொன்னாள். மழையில் அது வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது; அதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கிளம்பும்போது படியில் காலடி கேட்டது. உடம்பெல்லாம் சேறாக ஹரிகிருஷ்ணன் ஏறி வந்தான். அவள் கட்டிக்கொண்டு அழுதாள்.

"சுவரு பொளந்துட்டு. நீ கத்தலேன்னா நான் இல்ல," என்றபடி அவன் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான்.

தண்ணீர் எடுக்கத் திரும்பியவள் திரையைப் பார்த்தாள். வடக்குச் சுவர் நூல் பிடித்ததுபோல் நேராக நின்றது. அப்பாடா, அது இவரை விட்டுவிட்டது என்று பெருமூச்சு விட்டாள்.

"வெங்கடேசு..."

அவன் தலைக்கு மேல் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. சுவர் அவன் முதுகை மெல்ல மெல்ல முன்னே தள்ளியது.

அந்தச் சுவருக்கு வெளியே மண் கிடையாது. மாடி உயரத்தில் வெறும் மழைதான் பெய்துகொண்டிருந்தது.