கத்திக்கு விழ இருந்த மாலை

"ஐயோ... போச்சு! கத்தி போச்சு!"

நெய்வேலி நகரியத்துக் கல்யாண மண்டபமே அதிர்ந்தது. நாதஸ்வரம் பாதி மூச்சில் நின்றது!

அலறியவர் கருப்பசாமி. மாப்பிள்ளை ஜெயகணேஷின் அப்பா. கையில் காலிச் சந்தனப் பெட்டி.

மணமகள் அறையிலிருந்து இன்ஸ்பெக்டர் வளர்மதி பாய்ந்து வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கண்ணில் மட்டும் போலீஸ்! மணமகள் வெண்மதியின் பள்ளித் தோழி. விடியற்காலையிலிருந்து அலங்காரமே அவள் பொறுப்புதான்.

"என்ன கத்தி சார்?"

"பரம்பரைக் கத்தி தாயி! பிடியில யாளி... ரெண்டு பக்கமும் கிளி. யாளி வாய்க்குள்ள வெள்ளிக் குண்டு உருளும். வெளிய மட்டும் வராது."

"ஏன் அப்படி?"

"கிளி பொண்ணு. யாளி மாப்பிள்ளை. குண்டு அவன் குடுத்த வாக்கு. தவறக் கூடாதுல்லா?"

"சரி... இன்னிக்கு அது எதுக்கு?"

கருப்பசாமி நெளிந்தார்.

"ராத்திரி மழையில மைன்ஸ்ல தண்ணி. 'பம்ப்பை ஓட்டிட்டு முகூர்த்தத்துக்குள்ள வந்துடறேன்'னு போனவன் இன்னும் வரல. எங்க வம்சத்துல மாப்பிள்ளை வரலைன்னா மணையில கத்தியை வச்சு மாலை போட்ருவோம். கல்யாணம் முடிஞ்ச கணக்குதான்!"

வெண்மதியின் அம்மா செங்கமலம் பொங்கினாள்.

"எம் பொண்ணு கத்தியோடவா குடும்பம் நடத்துவா? காலையிலேருந்து வாயை மூடிகினு இருக்கேன்!"

"இன்னிக்கு விட்டா ஆடி பொறந்துரும் சம்பந்தி! அப்புறம் ஆவணிதான்!"

வளர்மதி களத்தில் இறங்கினாள். சமையல்கட்டு, சீர்வரிசை, போட்டோகிராபர் பை, தவில் உறை... ஒன்றையும் விடவில்லை.

வெண்மதி மட்டும் ஆடாமல் அசையாமல், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். பாவம், அதிர்ச்சி!

கத்தி கிடைக்கவில்லை.

கருப்பசாமி போனை எடுத்து மகனை அழைத்தார்.

"லேய் கணேசா! கத்தியைக் காணும். இனி நீ வந்தாத்தான் கல்யாணம்!"

"கத்தி இருக்குன்னு நிம்மதியா இருந்தேனேப்பா! அடுத்த ஷிஃப்ட் ஆளு கால்ல விழுந்தாவது வந்துடறேன்!"

முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான்...

வாசலில் பைக் கிறீச்சிட்டது! தலையில் மைன்ஸ் ஹெல்மெட். முழங்கால் வரை சேறு. மாப்பிள்ளை ஜெயகணேஷ்!

கெட்டிமேளம் முழங்க, தாலி ஏறியது. செங்கமலம் அழுதே விட்டாள். சந்தோஷத்தில்தான்.

மேளம் ஓய்ந்தது. வெண்மதி மாமனார் காலில் விழுந்து வணங்கினாள்.

கிலுங்... கிலுங்!

கருப்பசாமி உறைந்தார். சின்ன வயதிலிருந்து அவர் கேட்டு வளர்ந்த சத்தம்!

குனிந்து பார்த்தார். பூ தைத்த ஜடைக்குள், மல்லிகையை விலக்கிக்கொண்டு யாளி எட்டிப் பார்த்தது. உறை கழலாத கத்தி!

"தாயி... நீயா?"

"வாக்கு குடுத்தது உங்க பையன் மாமா. கத்தி இல்லையே!"

கருப்பசாமிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சேறும் மாலையுமாக இளித்துக்கொண்டு நின்ற மகனைப் பார்த்ததும் மீசைக்குள் சிரிப்பு முட்டியது. சட்டென்று திரும்பினார்.

"இன்ஸ்பெக்டரம்மா! மண்டபம் பூரா சல்லடை போட்டு சலிச்சீங்க... இந்த ஜடையை ஏன் விட்டீங்க?"

வளர்மதி வாயிலிருந்த கேசரியை நிதானமாக விழுங்கினாள்.

"அதுல எதுக்கு சார் தேடணும்? பின்னினதே நான்தானே!"