பாலில் போட்ட பல்

திங்கட்கிழமை காலையில் ஐந்தாம் வகுப்பில் எல்லோரும் முதலில் பார்ப்பது ஆங்கில டீச்சரின் முகத்தைத்தான். ஒரு வாரம் கன்னத்தில் சிராய்ப்பு இருக்கும். இன்னொரு வாரம் கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கும். டீச்சர் எதுவுமே நடக்காத மாதிரி சாக்பீஸை எடுத்துப் பாடத்தை ஆரம்பிப்பார்.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ரக்பி விளையாடுகிறவர். முட்டை மாதிரி இருக்கும் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரணிக்காரர்கள் பாய்ந்து கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. விழுவதற்கென்றே ஆசையாகப் போகிறவர்கள்.

டீச்சரின் முகத்தைப் பார்த்து முடித்ததும் வகுப்பு முழுவதும் திரும்பி மூன்றாவது பெஞ்சைப் பார்க்கும். அங்கேதான் அவருடைய மகள் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர். ஆள் சிறிசு, காரம் பெரிசு.

இந்த வாரம் மிளகுக்கு வேறு கவலை. வருகிற திங்கட்கிழமை பெற்றோர்கள் வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் கவனிக்கப்போகிறார்கள். அதைப் பொறுத்துத்தான் தனக்கு அடுத்த வருஷமும் இந்தப் பள்ளியில் வேலை கிடைக்கும் என்று அம்மா அப்பாவிடம் போனில் சொன்னதை அவள் கேட்டுவிட்டாள். அப்பா கப்பலில் வேலை பார்க்கிறவர். அம்மாவும் அவளும் வந்து சேர்ந்த மூன்றாவது நாடு இது. மூன்று தடவை பெட்டி கட்டி, மூன்று தடவை புது வகுப்பு வாசலில் தனியாக நின்றாயிற்று. இங்கேதான் முதல் தடவையாக ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். இந்த ஒரு ஞாயிறு மட்டும் அம்மா விளையாடாமல் இருந்தால் போதும்.

சனிக்கிழமை மாலை, அம்மாவின் பையிலிருந்து பல் கவசத்தை எடுத்துத் தன் மழைக்கால பூட்ஸுக்குள் ஒளித்து வைத்தாள். பல்லுக்கு அடிபடாமல் இருக்க வாயில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் துண்டு அது. அது இல்லாதவர்கள் ஓரமாக உட்கார வேண்டும் என்பது அவர்கள் அணியின் விதி.

விதி எல்லாம் ஆள் இருக்கும்போதுதான். மறுநாள் மைதானத்தில் எண்ணிப் பார்த்தபோது அம்மாவையும் சேர்த்துத்தான் ஆட்டத்துக்கு வேண்டிய பதினைந்து பேர் இருந்தார்கள். அணித்தலைவி, வார நாட்களில் பஸ் ஓட்டுகிறவர், கையைப் பிசைந்தார். அம்மா பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு நாள்தானே, வாயை மூடிக்கிட்டு ஆடறேன்" என்று எழுந்துவிட்டார்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். மிளகு ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். விசில் அடித்துவிட்டார்கள்.

எதிரணியில் ஒரு பெண் கதவளவு அகலமாக இருந்தார். மிளகு அவருக்கு மனதுக்குள் மலை என்று பெயர் வைத்திருந்தாள். இருபதாவது நிமிடத்தில் பந்தோடு ஓடிய அம்மாவின் வாயும் மலையின் தோளும் மோதின. அம்மா எழுந்தபோது உதடு கிழிந்திருந்தது. மேல்வரிசையில், நட்டநடுவில் ஓர் இடைவெளி.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

எல்லோரும் அம்மாவைச் சுற்றிக் குனிந்தார்கள். யாரும் புல்லைப் பார்க்கவில்லை. மிளகு பார்த்தாள். ஒரு தடவை வயிற்றுவலி என்று பள்ளி நர்சின் அறையில் படுத்திருந்தபோது, செய்ய வேறு வேலை இல்லாமல், சுவரில் ஒட்டியிருந்த முதலுதவித் தாளை மூன்று தடவை படித்திருக்கிறாள். விழுந்த பல்லுக்கு இன்னும் கொஞ்ச நேரம் உயிர் உண்டு. அவள் ஈரப் புல்லில் முட்டி போட்டுத் தேடினாள். மைதானத்தின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் அது கிடந்தது. வேரைத் தொடாமல் வெள்ளைப் பக்கமாக எடுத்தாள்.

பஸ் ஓட்டுநர் அதை வாங்கித் துண்டால் தேய்க்கப் போனார்.

"தேய்க்காதீங்க ஆன்ட்டி. பால் வேணும்."

தேநீருக்கு வைத்திருந்த பாலைக் கோப்பையில் ஊற்றிப் பல்லை உள்ளே போட்டாள். அதற்குள் மலை மூச்சிரைக்க ஓடி வந்தார். கோப்பையை எட்டிப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். பிறகு, தான் பல் டாக்டர் என்றும் கிளினிக் பக்கத்துத் தெருவில்தான் என்றும் ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்.

சேறு அப்பிய காலுறையோடு மலை கிளினிக் கதவைத் திறந்து, கையை நன்றாகக் கழுவி, பல்லை இருந்த இடத்திலேயே பொருத்தி, மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினார். உதட்டில் இரண்டு தையல். நாளை மறுநாள் வரைக்கும் பேசக் கூடாது என்றார்.

"பாலில் போடாம விட்டிருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்று மிளகின் தலையைத் தடவிவிட்டு உடை மாற்றப் போனார்.

அந்தத் தடவல் முள்ளாகக் குத்தியது.

"அம்மா, பல் கவசத்த நான்தான் ஒளிச்சு வெச்சேன். நாளைக்கு உன் முகம் நல்லா இருக்கணும்னுதான்."

அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனா கேட்டுக் கை நீட்டி, மருந்துச் சீட்டின் பின்னால் எழுதினார்: 'சொல்லாதது நீ. கவசம் இல்லாமல் ஆடியது நான். தப்பு ஆளுக்குப் பாதி.'

கீழே இன்னொரு வரியும் எழுதினார்: 'நாளைக்குப் பாடம்?'

மிளகு அதை வீடு வரும் வரை யோசித்தாள். கதவைத் திறக்கும்போது சொன்னாள்:

"நீ கேள்விய மட்டும் போர்டுல எழுதும்மா. நாங்க பேசிக்கறோம்."

திங்கட்கிழமை பின்வரிசை முழுக்கப் பெற்றோர்கள். அம்மா வீங்கிய உதட்டோடு திரும்பி, 'ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது?' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் கை கட்டி நின்றார். நாற்காலிகள் கிரீச்சிட்டன. யாரோ இருமினார்கள். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் மிளகு எழுந்து, பல் விழுந்த கதையை ஆங்கிலத்தில் சொன்னாள். அடுத்து அவள் தோழி, வீட்டுப் பூனை தண்ணீர்த் தொட்டியில் விழுந்ததைச் சொன்னாள். அப்புறம் மணி அடிக்கும் வரை கை தூக்காத ஆளே இல்லை.

பெற்றோர்கள் சிரித்துக்கொண்டே கலைந்த பிறகு தலைமை ஆசிரியை அம்மாவிடம் வந்தார்.

"அடுத்த வருஷமும் பெத்தவங்க வர்ற அன்னிக்கு நீங்க வாயே திறக்காதீங்க டீச்சர். இந்தப் பசங்க இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்ல."

மிளகின் காதில் முதல் இரண்டு வார்த்தைகள் மட்டுமே விழுந்தன. அவளுக்கு அது போதும்.