மோரிப் பக்கம் ஓடும் பந்து

சாஹில் தட்டிய பந்து மறுபடியும் குழிக்குள் விழுந்தது. பரீஹாவின் காதிலிருந்து புகை வந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

குழி என்றால் நிஜக் குழி இல்லை. தாராவியில் அவர்கள் பள்ளிக்கூட ஹாலில் பச்சை விரிப்பு ஒன்றை விரித்து, அதன் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். செம்பூரில் இருக்கும் ஒரு கோல்ஃப் கிளப், பள்ளிக்குப் பழைய மட்டைகளும் பை நிறையப் பந்துகளும் கொடுத்திருந்தது. வானத்தைப் பார்த்து ஓங்கி அடிக்கிற மட்டைகள் இல்லை. குழிக்குக் கிட்டத்தில் வந்துவிட்ட பந்தை மெல்லத் தட்டி உள்ளே அனுப்புகிற மட்டைகள். அப்படித் தட்டுவதற்குப் பட்டிங் என்று பெயர்.

விளையாட்டு வகுப்பு எடுக்கும் சுஷ்மா டீச்சருக்கும் கோல்ஃப் புதுசு. போனில் வீடியோ பார்த்துத்தான் சொல்லிக் கொடுத்தார். அன்று கையில் போனோடு அறிவித்தார்.

"ஞாயித்துக்கிழமை செம்பூர்ல போட்டி. நிஜப் புல்லு, நிஜக் குழி! நம்ம ஸ்கூல்லேருந்து ஒருத்தர்தான் ஆடலாம். இன்னிக்கு யார் ஜாஸ்தி போடறாளோ, அவாதான் போவா."

பரீஹா நிமிர்ந்து நின்றாள். அவளை விட அதிகமாகப் பழகியவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கிடையாது. துடைப்பக் கம்பில் மரக்கட்டை ஒன்றை அறைந்து தன் வாப்பாவிடம் ஒரு மட்டை செய்து வாங்கியிருந்தாள். தினமும் வீட்டில் எவர்சில்வர் தம்ளரைச் சாய்த்து வைத்துப் பந்தைத் தட்டுவாள். ஆரம்பத்தில் பந்து போகாத இடமில்லை. ஒருமுறை குழம்புச் சட்டிக்குள்ளேகூடப் போயிற்று. ஆனால் இப்போது தட்டினால், ணங்! தம்ளருக்குள்தான்.

விரிப்பின் முன் நின்று மூச்சை இழுத்துவிட்டுத் தட்டினாள்.

பந்து கோப்பைக்கு இடது பக்கமாகப் போயிற்று.

அடுத்ததும் இடது பக்கம். அதற்கடுத்ததும் இடது பக்கம். வீட்டில் அத்தனை சமர்த்தாக இருக்கும் பந்து, பள்ளிக்கூடத்துக்கு வந்தால் மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது? பரீஹாவுக்கு அழுகை முட்டியது.

சாஹில் வந்தான். காதைச் சொறிந்தான். தட்டினான். உள்ளே. இன்னொன்று. அதுவும் உள்ளே.

சாஹில் வேறு யாருமில்லை, சிராஜ் சாச்சாவின் மகன்தான். அதாவது பரீஹாவின் வாப்பாவுடைய தம்பி மகன். அடுத்த சந்தில் வீடு. ஒரே வயது, ஒரே வகுப்பு. யாரோ ஒருவன் ஜெயித்தால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். கூடவே உட்கார்ந்து பரோட்டா தின்கிறவன் ஜெயித்தால் எப்படி விடுவது?

"சாஹில் ஆடறான்! பரீஹா, நீ அவனுக்குக் கேடி," என்றார் டீச்சர்.

பரீஹா திடுக்கிட்டாள். "கேடியா? டீச்சர், நான் ஒரு தப்பும் பண்ணலயே!"

ஹாலே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். "அந்தக் கேடி இல்லடி. கோல்ஃப்ல ஆடறவாளோட பையைத் தூக்கிண்டு கூடப் போறவாளுக்கு அப்படித்தான் பேராம். யோசனைகூடச் சொல்லலாமாம்."

சாஹிலின் பையை அவள் தூக்க வேண்டுமாம்! இதற்கு அந்தக் கேடியாகவே இருந்துவிடலாம் என்று பரீஹாவுக்குத் தோன்றியது.

சாஹில் எங்கே பழகுகிறான் என்பது அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக்கு நேர் மேலே சிராஜ் சாச்சாவின் பட்டறை இருந்தது. அங்கே தோல் பை தைப்பார்கள். தோல் வெட்டுவதற்கென்று நீளமான மேசை ஒன்று உண்டு. கண்ணாடி மாதிரி சமதளம். பட்டறை ஆட்கள் டீ குடிக்கப் போனதும் சாஹில் மேசையின் மேலே ஏறிவிடுவான். மறுமுனையில் டேப் வளையம் ஒன்றை வைத்து, அதைக் குறி பார்த்துத் தட்டுவான். கடகடவென்று பந்து உருளும் சத்தம் பரீஹாவின் தலைக்கு மேலே கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

'அந்த மேசை மட்டும் எனக்கு இருந்தா...' என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் மதியம்தான். காலையிலேயே உம்மா வீடு கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏட்டி பரீஹா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்க? எந்திரி. நான் தண்ணி ஊத்துதேன், நீ தள்ளி வுடு."

பரீஹா துடைப்பத்தை எடுத்தாள். எடுத்தவள் கத்தினாள். "உம்மா! என் பந்தக் காணோம்! இந்த உஸாமா திரும்பவும் மோரியில போட்டுட்டான்!"

வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் சின்னதாகத் தடுப்புக் கட்டி, குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்திருப்பார்களே, அதற்குப் பம்பாயில் மோரி என்று பெயர். பந்து எப்போது காணாமல் போனாலும் மோரியில்தான் கிடைக்கும். எப்போது கிடைத்தாலும் திட்டு தம்பி உஸாமாவுக்குத்தான். அவனுக்கு மூன்று வயது.

"நான் போதல," என்றான் உஸாமா. அவனுடைய கீழுதடு நடுங்கியது.

"நீதான் போட்ட! பொய் சொல்லாத!"

உஸாமா அழுதுகொண்டே கட்டிலுக்கடியில் போய்விட்டான். பரீஹா மோரியிலிருந்து பந்தை எடுத்துவந்து, கோபத்தோடு நடுவீட்டில் வைத்தாள். உம்மா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

தண்ணீர் பரவியது. யாரும் தள்ளாமலே வலது பக்கமாக வளைந்து மோரியைப் பார்த்து ஓடியது. பந்தும் அசைந்தது. யாரும் தொடாமலே அதுவும் வலது பக்கமாக உருண்டு, தண்ணீரோடு தண்ணீராக மோரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பரீஹா வாயைப் பிளந்தாள். "உம்மா, பந்து தன்னால போவுது!"

"போவாம? வீடு கட்டும்போது கொத்தனார்கிட்டச் சொல்லி வாட்டம் வச்சுல்லா தரை போட்டிருக்கு. சரிவு இல்லன்னா கழுவுற தண்ணி பூரா கட்டிலுக்கடியில நிக்கும். இங்க எல்லார் வீடும் அப்படித்தான்."

பரீஹாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் வீட்டுத் தரையில் பந்து வலது பக்கம் வளையும். தினமும் தட்டித் தட்டி, அவளுடைய கை அவளிடம் கேட்காமலே கொஞ்சம் இடது பக்கம் தள்ளி அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. பள்ளிக்கூட ஹாலில் ஏது மோரி? பந்து நேராக இடது பக்கமே போய்விட்டது.

அவள் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். "உஸாமா, நீ போடலடா. தரைதான் போட்டுச்சு. வெளிய வா."

உஸாமா வந்தான். ஒரு சாக்லேட் வாங்கிக்கொண்ட பிறகுதான் வந்தான்.

ஆனால் விஷயம் விளங்கியதும் பரீஹாவின் வயிற்றெரிச்சல் குறையவில்லை, இரண்டு மடங்கானது. சாஹிலுக்குக் கை நன்றாக இருக்கிறது என்றல்லவா நினைத்தோம்? மேசைதானே நன்றாக இருந்திருக்கிறது! இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரோடு பஸ்ஸில் செம்பூர் போனார்கள். சாஹில் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தான். கேடி நின்றுகொண்டே வந்தாள்.

கிளப்புக்குள் நுழைந்ததும் மூவரும் பேச்சு மறந்து நின்றார்கள். பம்பாயில் இவ்வளவு காலி இடமா! இத்தனை இடத்தில் ஒரு வீடுகூட இல்லையா! நடுவே வட்டமாகப் புல் தரை. ஒட்ட முடி வெட்டிய தலை மாதிரி இருந்தது.

"மஸ்த்!" என்றான் சாஹில். பிரமாதம் என்பதைப் பம்பாய்ப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள்.

போட்டிக்கு முன்னால் எல்லோரும் பழகிப் பார்க்கலாம் என்றார்கள். சாஹில் குழியைக் குறி பார்த்துத் தட்டினான். பந்து நேராகப் போவது போலப் போய், கடைசியில் வலது பக்கம் வளைந்து தாண்டிப் போயிற்று. இன்னொன்று. அதுவும் வலது பக்கம். இன்னொன்று. அதுவும்.

பரீஹாவின் நெஞ்சுக்குள் யாரோ குல்ஃபியை வைத்தது போலக் குளுகுளுவென்று இருந்தது. நன்றாக வேண்டும்!

"பரீஹா," சாஹில் கையை உதறிக்கொண்டே வந்தான். "என் கைக்கு என்னமோ ஆயிட்டு. மேசையில எவ்வளவு நேரா போவும் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பிய பக்கத்தில்தான் அதைப் பார்த்தாள். மற்றப் பள்ளிப் பிள்ளைகள் தவறவிட்ட பந்துகளும் வலது பக்கம் இருந்த ஒரு செம்பருத்திச் செடியின் அருகே கும்பலாகக் கிடந்தன. யாரும் கொண்டுபோய்ப் போடவில்லை. தாமாகவே போய்ச் சேர்ந்திருந்தன.

மோரி!

பார்க்கச் சமதளமாக இருந்த அந்தப் புல் தரைக்கும் வாட்டம் இருந்தது.

சொல்லலாமா? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சாஹில் தோற்பான். அடுத்த தடவை டீச்சர் வேறு ஆளை அனுப்புவார். அந்த வேறு ஆள் பரீஹாவாக இருக்கலாம். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

போட்டி தொடங்கியது. ஆளுக்கு மூன்று பந்து. சாஹிலின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் முதல் பந்தைத் தட்டினான். வலது பக்கம் வளைந்து செம்பருத்தியிடம் போய்விட்டது.

சாஹில் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுடைய கீழுதடு நடுங்கியது.

உஸாமாவின் உதடும் இப்படித்தான் நடுங்கியது. தரை செய்த தப்புக்கு அவன் திட்டு வாங்கினான். இப்போது தரை செய்த தப்புக்கு இவன் தன் கையையே திட்டிக்கொண்டிருக்கிறான்.

"சே!" என்றாள் பரீஹா. அது தன்னைத்தானே சொல்லிக்கொண்டது. பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

"சாஹில், நில்லு! ஒன் கைக்கு ஒண்ணும் இல்ல. தரைதான் சரிவா இருக்கு. அந்தச் செடியப் பாரு. அதுதான் மோரின்னு வச்சிக்க."

"மோரியா? இங்கயா?"

"எங்க வீட்டுக்கு வந்திருக்கல்லா? கீழ வுட்ட பந்து எங்க போவும்?"

"மோரிக்கு." சாஹில் பந்துக் கும்பலைப் பார்த்தான். குழியைப் பார்த்தான். அவன் கண்கள் விரிந்தன. "அரே! ஆமால்லா!"

"அப்போ குழியப் பாத்து அடிக்காத." பரீஹா புல்லோடு கன்னம் ஒட்டுகிற அளவு குனிந்து பார்த்தாள். வீடு கழுவி முடித்ததும் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று அப்படித்தான் பார்ப்பாள். "குழிக்கு எடது பக்கம் ஒரு மஞ்சப் புல்லு தெரியுதா? அதப் பாத்து அடி. உசுரே இல்லாமத் தட்டாத. மெதுவாப் போனா இன்னும் வளையும்."

சாஹில் மஞ்சள் புல்லைப் பார்த்துத் தட்டினான். சுஷ்மா டீச்சர் தூரத்திலிருந்து, "ஐயோ, எங்கடா அடிக்கறே!" என்று தலையில் கை வைத்தார்.

பந்து மஞ்சள் புல்லைத் தொட்டது. யோசித்தது. பிறகு வீட்டு ஞாபகம் வந்தது போல வலது பக்கம் திரும்பிக் குழிக்குள் விழுந்தது.

டீச்சர் தலையிலிருந்து கையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். மூன்றாவது பந்தும் விழுந்தது.

அவர்களுக்கு இரண்டாவது பரிசு. மூன்று பந்தையும் போட்டது செம்பூர்ப் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி. பரிசுக் கோப்பை பரீஹா வீட்டுத் தம்ளரை விடச் சின்னதாக இருந்தது. ஆனாலும் பளபளப்பு அதிகம்.

திரும்பும்போது சாஹில் ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தான். கொஞ்ச தூரம் போனதும் மெல்லச் சொன்னான்.

"பரீஹா, ஒண்ணு சொல்லுதேன், யார்கிட்டயும் சொல்லாத. நீ வீட்ல தட்டுறது பட்டறைக்குக் கேக்கும். ணங், ணங்னு. ஒண்ணுகூடத் தப்பாது. எனக்கு அப்படி எரிச்சலா வரும். அந்தப் பொறாமையிலதான் மேசையில ஏறித் தட்டவே ஆரம்பிச்சேன்."

பரீஹா அவனை முறைத்தாள். பிறகு அவளால் முடியவில்லை. சிரித்துவிட்டாள். எதற்கு என்று தெரியாமலே அவனும் சிரித்தான்.

"சரி, அந்த மேசைய எனக்குத் தருவியா?"

"ஒங்க வீட்டுத் தரையத் தருவியா?"

"தாரேன். ஆனா அடுத்த தடவ நான்தான் ஜெயிப்பேன். நீ கேடி."

"பாப்போம்," என்றான் சாஹில்.

அடுத்த வெள்ளிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. காலையில் பரீஹாவின் உம்மா வாளியோடு வந்து பார்த்தால், சாஹில் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏல சாஹில், ஒங்க வீட்ல ஒரு நாளாவது தொடப்பத்தத் தொட்டிருக்கியால?"

"இது கோல்ஃப் பிராக்டிஸ் பெரியும்மா. மொதல்ல தண்ணி எப்படிப் போவுதுன்னு பாக்கணும்."

"அப்போ தெனமும் வா," என்றாள் உம்மா சந்தோஷமாக.

மாடியில் பரீஹா மேசை மேல் ஏறி நின்றாள். முதல் பந்து இடது பக்கம் போயிற்று. இரண்டாவதும் இடது பக்கம்தான். மூன்றாவது, டேப் வளையத்தில் லேசாக உரசிக்கொண்டு போயிற்று. அவள் துள்ளினாள்.

அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் கேட்டது.

ணங்!

பரீஹாவின் காதிலிருந்து புகை வந்தது. ஆனால் கொஞ்சமாகத்தான். அவள் அடுத்த பந்தை எடுத்து வைத்தாள்.